மண் வேலையும் மணிக்கணக்கும்: தமிழகத்தில் மண் அள்ளும் தொழிலின் வரலாறு

தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களில் மண்ணை வெட்டுவதும் அள்ளுவதும் உழவோடு சேர்ந்தே வளர்ந்த வேலைகள். ஏரி, கண்மாய், ஊருணி, கிணறு, வரப்பு, வாய்க்கால் எல்லாவற்றுக்கும் ஆண்டுதோறும் மண் வேலை தேவைப்பட்டது. அறுவடை முடிந்து அடுத்த மழை வரும்வரை உள்ள கோடை மாதங்களில் நீர்நிலைகள் வற்றிக் கிடக்கும். வயலிலும் வேலை இருக்காது. மண் வேலை நடந்தது அந்த இடைக்காலத்தில்தான். உழவருக்கு அது ஒரு துணைத்தொழிலாக அமைந்ததற்கும் இந்தப் பருவமே காரணம். ஒரு விவசாயியோ, டிராக்டர் உரிமையாளரோ, பல ஆண்டு லாரி ஓட்டியவரோ கடனில் ஒரு ஜேசிபி வாங்கி மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் இன்றைய தொழில், அந்த நீண்ட வரலாற்றின் அண்மைக் கட்டம். இயந்திரம் புதிது. ஆனால் தொழிலைத் தாங்கி நிற்கும் பருவம், அளவு, முன்பணம் ஆகிய மூன்றும் மிகப் பழையவை.

ஏரி வாரியமும் குடிமராமத்தும்

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற குழுவைப் பற்றிப் பேசுகின்றன. ஊரார் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் ஏரியைப் பேணும் பொறுப்பை ஏற்றார்கள். பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில், ஏரியில் சேரும் வண்டலை ஓடம் வைத்து அள்ளி கரையில் கொட்டுவதற்காக அளிக்கப்பட்ட நிலக்கொடைகளும் பொற்கொடைகளும் பதிவாகியுள்ளன. தூர் வாருவதற்கென ஒரு நிலையான வருவாயை ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற அறிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இருந்தது.

பிற்காலத்தில் இந்தப் பொறுப்பு குடிமராமத்து என்ற வழக்கமாக நிலைத்தது. பாசனம் பெறும் குடிகள் தங்கள் நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஆள் அனுப்பி வாய்க்காலை வெட்டிச் சீராக்கினார்கள். சிறு உடைப்புகளை அடைத்தார்கள். கரையில் மண் ஏற்றினார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் பாசன நிர்வாகம் அரசுத் துறையின் கைக்கு மாறியதும் இந்தக் கூட்டு உழைப்பு தளர்ந்தது. அதைச் சட்டத்தின் வலுவால் நிலைநிறுத்த, சென்னை மாகாணத்துக்கென 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. வழக்கமான உழைப்பைத் தராதவரிடம் அதற்கு ஈடாகப் பணம் வசூலிக்கவும் அதில் வழி இருந்தது. ஊரின் உடன்பாட்டால் நடந்த ஒரு வேலையை உத்தரவால் நடத்த முடியவில்லை. காலப்போக்கில் பெரிய மண் வேலைகள் கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் மாறின.

போயர் குழுக்களும் கன அடிக் கணக்கும்

ஒப்பந்த மண் வேலையின் திறமைசாலிகள் போயர் சமூகத்தினர். பழைய ஆவணங்கள் அவர்களை ஒட்டர் என்று குறிப்பிடுகின்றன. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் இவர்களுக்குத் தனி இடம் உண்டு. கல் உடைப்போர் கல் ஒட்டர் என்றும், குளமும் கிணறும் வெட்டுவோர் மண் ஒட்டர் என்றும் அறியப்பட்டார்கள். வேலை இருக்கும் இடத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் பெயர்ந்து சென்று, கரையோரத்தில் குடிசை போட்டுத் தங்கினார்கள். ஆண்கள் கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் வெட்ட, பெண்கள் கூடையில் சுமந்து கொட்டினார்கள். தொலைவு கூடினால் கழுதைகளின் முதுகில் மண் ஏறியது.

நாள் கூலியைவிட வெட்டிய அளவுக்குக் கூலி பெறுவதே இந்தக் குழுக்களின் வழக்கம். பத்தடி நீளம், பத்தடி அகலம், ஓரடி ஆழம் வெட்டினால் நூறு கன அடி. வேலை முடிந்த பிறகு ஆழத்தை எப்படி உறுதி செய்வது? அதற்காகக் குழியின் நடுவே அங்கங்கே சிறு மண் திட்டுகளை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். அந்தத் திட்டின் தலைதான் பழைய தரைமட்டம். மேஸ்திரியும் மேற்பார்வையாளரும் அங்கே கோல் வைத்து அளந்து கணக்கை முடித்த பின்னரே திட்டு வெட்டப்படும். கொடுப்பவரும் பெறுபவரும் ஒப்புக்கொள்ளும் சாட்சி களத்திலேயே நின்றதால் தகராறுகள் குறைந்தன. மண், மணல், ஜல்லி வியாபாரத்தில் இன்றும் வழங்கும் ‘யூனிட்’ என்பதும் அதே நூறு கன அடிதான்.

வேலைக்கு முன்பே குழுத் தலைவர் முன்பணம் வாங்கி குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். மழைக்காலத்தில் அந்தப் பணத்தை வைத்துத்தான் அடுப்பு எரியும். வேலையால் அதை அடைக்க முடியாதபோது முன்பணமே விலங்காகி, பல குடும்பங்கள் தலைமுறைக் கடனில் சிக்கின. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தபோது, குவாரிகளிலும் சூளைகளிலும் மண் வேலைகளிலும் இருந்த இத்தகைய குடும்பங்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பணிகள் எல்லாம் இப்படிப்பட்ட கைகளால் ஆனவை. 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சத்தின்போது, சென்னை நகரை ஒட்டி ஒரு கால்வாயின் ஒரு பகுதி நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரின் பெயரால் அந்தக் கால்வாய் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. பென்னிகுவிக் தலைமையில் 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையிலும் சுமையின் பெரும்பகுதி மனிதத் தோளில்தான் ஏறியது. காய்ச்சலிலும் விபத்திலும் இறந்த தொழிலாளர்கள் பலரின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை.

போர் உபரியும் அரசு புல்டோசரும்

மண் அள்ளும் வேலையில் நீராவி நுழைந்தது அமெரிக்காவில். வில்லியம் ஓட்டிஸ் 1839இல் நீராவி மண்வாரிக்குக் காப்புரிமை பெற்றார். 1925இல் ஹோல்ட், பெஸ்ட் ஆகிய இரு நிறுவனங்கள் இணைந்து கேட்டர்பில்லர் நிறுவனமாயின. செயின் உருளும் டிராக்டரும் அதன் முன்னே தகடு பொருத்திய புல்டோசரும் இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுதளங்களையும் சாலைகளையும் அமைத்தன. போர் முடிந்தபோது அந்த இயந்திரங்கள் உபரியாயின. இந்தியாவில் கேட்டர்பில்லர் இயந்திரங்களை விற்கும் பொறுப்பை லார்சன் அண்ட் டூப்ரோ (எல் அண்ட் டி) ஏற்றது. அமெரிக்கப் படை விட்டுச்சென்ற டிராக்டர்களைக் கொண்டு மத்திய டிராக்டர் அமைப்பு 1947இல் தொடங்கி, மத்திய இந்தியாவில் களை மண்டிய நிலங்களைத் திருத்தியது. அந்தப் பணிக்காக இந்தியா 1949இல் உலக வங்கியிடம் 1 கோடி டாலர் கடன் பெற்றது.

தமிழகத்தில் மக்கள் இத்தகைய பேரியந்திரங்களை அருகில் கண்ட இடம் நெய்வேலி. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்து, 1957இல் சுரங்க வெட்டு தொடங்கியது. பழுப்பு நிலக்கரிக்கு மேல் கிடந்த மண்ணை அகற்ற ஜெர்மனியிலிருந்து சக்கர வாளி இயந்திரங்கள் வந்தன. அவற்றை வாங்கவும் இயக்கவும் ஓர் அரசால்தான் முடியும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1964இல் தொடங்கிய பெமல் நிறுவனமும் பெரும்பாலும் அணைகள், சுரங்கங்கள், படைத்துறை ஆகியவற்றின் தேவைக்கே உற்பத்தி செய்தது.

சிறு உழவர்களிடம் இயந்திர மண் வேலையைக் கொண்டுசேர்த்தது அரசின் வேளாண்மைப் பொறியியல் பிரிவு. பின்னர் தனித் துறையாக வளர்ந்த அது, புல்டோசர்களை மணிக்கு இவ்வளவு என்ற குறைந்த வாடகையில் விவசாயிகளுக்கு அனுப்பியது. மேட்டு நிலம் சமமாகி கிணற்றுப் பாசனத்துக்கு வந்தது. கன அடிக்குப் பதில் மணியை அளவாகக் கொள்ளும் பழக்கம் கிராமங்களில் வேரூன்றியதில் இந்தத் திட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே போன்ற நிறுவனங்களின் டிராக்டர்கள் பரவியபோது, உழவு இல்லாத நாட்களில் டிப்பர் டிரெய்லரை மாட்டி மண் அடிப்பது டிராக்டர் உரிமையாளர்களின் துணை வருமானமாயிற்று.

ஒரு கொட்டகையில் பிறந்த இயந்திரம்

தனி ஒருவர் வாங்கக்கூடிய மண் அள்ளும் இயந்திரம் இங்கிலாந்தின் ஒரு சிறு தொழிலிலிருந்து வந்தது. ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் வேளாண் கருவிகள் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1945 அக்டோபரில் ஸ்டாஃபோர்ட்ஷயரின் உட்டாக்ஸிட்டர் ஊரில், பன்னிரண்டடிக்குப் பதினைந்தடி அளவுள்ள வாடகைக் கொட்டகையில் தனியே வேலையைத் தொடங்கினார். போர்க் கழிவு இரும்பைப் பற்றவைத்து அவர் செய்த முதல் பொருள், பின்புறம் சாய்த்துக் கொட்டும் ஒரு வண்டி. ஊர்ச் சந்தையில் அது 45 பவுனுக்கும், மாற்றாக வந்த ஒரு பழைய வண்டிக்கும் விலைபோனது. அந்தப் பழைய வண்டியையும் சீராக்கி மேலும் 45 பவுனுக்கு விற்றார்.

அவருடைய தொழில் 1950இல் ரோசெஸ்டர் ஊரின் பழைய பாலாடைக்கட்டி ஆலைக்கு இடம்பெயர்ந்தது. 1953இல் ஒரு டிராக்டரின் முன்பக்கம் மண் அள்ளும் பக்கெட்டும் பின்பக்கம் குழி தோண்டும் கையும் பொருத்தி அவர் வெளியிட்ட இயந்திரத்தில்தான் அவர் பெயரின் முதலெழுத்துகளான ஜேசிபி முத்திரையாக அமர்ந்தது. பின்பக்கக் கையை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் முயற்சி அமெரிக்காவிலும் அதற்கு முன்பே நடந்தது. ஒரே வண்டியில் அள்ளவும் தோண்டவும் முடியும் என்ற அமைப்பைப் பரவலாக விற்றதில் பாம்ஃபோர்டின் பங்கு பெரிது.

ஜேசிபி நிறுவனம் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 1979இல் ஹரியானாவின் பல்லப்கரில் ஆலை தொடங்கியது. 2003இல் அது முழுவதும் ஜேசிபி வசமாயிற்று. பெரிய குழிகளுக்கும் பாறைகளுக்கும் பயன்படும் செயின் வண்டி வேறொரு வழியில் வந்தது. பிரான்சின் பொக்லைன் நிறுவனத்தின் நுட்பத்தைக் கொண்டு எல் அண்ட் டி தயாரித்த இயந்திரங்களும், டாடா, ஹிட்டாச்சி கூட்டுறவில் வந்தவையும் தமிழகத்தில் இறங்கின. நாளிதழ்களில் பொக்லைனும், வேலையிடங்களில் ஹிட்டாச்சியும் வண்டியின் பொதுப்பெயராகவே நிலைத்துவிட்டன.

சிறு உரிமையாளருக்கு ஜேசிபி போன்ற டயர் வண்டியே பொருந்தியதற்குக் காரணங்கள் தெளிவானவை. ஏறத்தாழ ஏழரை டன் எடையுள்ள அது சாலையில் தானே ஓடும். ஒரு கிராமத்தில் காலையில் கக்கூஸ் குழியும் மாலையில் பக்கத்து ஊரில் தென்னங்குழியும் எடுத்துவிட முடியும். இருபது டன் செயின் வண்டியை ஒவ்வொரு முறையும் டிரெய்லரில் ஏற்ற வேண்டும். ஏற்றி இறக்கும் செலவைத் தாங்க ஒரே இடத்தில் பல நாள் வேலை வேண்டும். சில மணி நேர வேலைகள் சிதறிக் கிடக்கும் கிராமச் சந்தைக்கு டயர் வண்டியே ஏற்றது.

கடன் கிடைத்த காலம்

இயந்திரம் இருந்தும் 1980களில் இந்தத் தொழில் பரவவில்லை. வேலையும் கடனும் ஒன்றாக வந்தபோதே அது பரவியது. 1990களின் இறுதியில் அறிவிக்கப்பட்ட தங்க நாற்கரச் சாலைத் திட்டமும், 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டமும் மண் வேலைக்குப் பெரும் தேவையை உண்டாக்கின. பெரிய ஒப்பந்ததாரர்கள் எல்லா இயந்திரத்தையும் சொந்தமாக வைத்துக்கொள்ளாமல், உள்ளூர் உரிமையாளர்களிடம் மாத வாடகைக்கு எடுத்தார்கள். அதே ஆண்டுகளில் வீட்டுமனை வியாபாரம் பெருகி, ஊர்தோறும் பிளாட் போட நிலத்தைச் சமன் செய்யும் வேலை குவிந்தது.

கடனுக்கான பாதையை லாரித் தொழில் முன்பே போட்டுவைத்திருந்தது. 1954இல் சென்னையில் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ், 1979இல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் போன்ற நிறுவனங்கள் வண்டியையே ஈடாகக் கொண்டு கடன் தரும் முறையில் தேர்ந்தவை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் கிளீனராகச் சேர்ந்து, ஓட்டுநராகி, பங்குக்கு ஒரு லாரி வாங்கி, பிறகு தனி உரிமையாளராவது பல குடும்பங்களின் வரலாறு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியாவெங்கும் ஆழ்துளைக் கிணறு போட்டதும் இதே பாதையில்தான். ஜேசிபி தொழில் இந்தக் கூட்டு முதலீட்டையும் தவணைப் பழக்கத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டது. நிலத்தையோ நகையையோ வைத்து முன்தொகை கட்டினால் இருபது லட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது.

மணி மீட்டரும் மாதத் தவணையும்

வாடகையின் அடிப்படை இயந்திரத்தில் உள்ள மணி மீட்டர். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். வண்டி வந்து சேரும் தொலைவுக்காக, வேலை சிறிதானாலும் குறைந்தபட்சம் ஒரு மணி அல்லது இரண்டு மணி வாடகை என்பது பொது வழக்கம். மாத ஒப்பந்தத்தில் டீசல் யார் பொறுப்பு, ஆபரேட்டரின் பேட்டாவும் சாப்பாடும் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே பேசிக்கொள்வார்கள்.

வரவின் மறுபக்கம் நீண்டது. வேலையின் கடினத்தைப் பொறுத்து மணிக்கு நாலைந்து லிட்டர் டீசல் எரியும். கல் நிலத்தில் பக்கெட்டின் பற்கள் விரைவில் தேயும். மூட்டுகளுக்குத் தினமும் கிரீஸ் அடிக்காவிட்டால் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து கை ஆடத் தொடங்கும். பிறகு தோண்டும் குழி நேராக வராது. ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தால் அன்றைய வேலை நிற்கும். டயர், இன்சூரன்ஸ், ஆபரேட்டர் சம்பளம் எல்லாவற்றையும் கழித்த பிறகே தவணைக்குப் பணம் மிஞ்சும். நல்ல ஆபரேட்டர் அமைவது வண்டி அமைவதைவிட முக்கியம். ஹெல்ப்பராகச் சேர்ந்து, ஓய்வு நேரத்தில் லீவர் பிடித்துப் பழகி, கேபிளையும் குடிநீர்க் குழாயையும் அறுக்காமல் குழி எடுக்கத் தெரிந்தவரே ஊரில் பெயர் பெறுகிறார். அவருடைய கைத்திறன் போயர் குழுக்களின் மண்ணறிவுக்கு நேர் வாரிசு.

பருவம் இன்றும் இந்தத் தொழிலை ஆளுகிறது. தை முதல் வைகாசி வரை வேலை நெருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி நின்றுவிடும். தவணைத் தேதி மழைக்காக நிற்காது. வேறு வருமானம் உள்ளவர் அந்த மாதங்களைக் கடந்துவிடுகிறார். இந்த ஒரு வண்டியை மட்டும் நம்பியவர் தடுமாறுகிறார். தொழில் பெரும்பாலும் துணைத்தொழிலாகவே நிலைத்திருப்பதன் பொருளாதாரக் காரணம் இது.

மழையும் புயலும் கொண்டுவரும் வேலையும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் இடிபாடுகளை அகற்றியதிலும், 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளைத் தஞ்சை, புதுக்கோட்டைத் தோப்புகளிலிருந்து அகற்றியதிலும் இந்த வண்டிகள் இரவு பகலாக நின்றன. 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோதும், அதே ஆண்டு தமிழக அரசு 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளுடன் குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோதும் தென்மாவட்ட உரிமையாளர்களுக்கு வேலை கிடைத்தது. ஊரார் கூடி மண் சுமந்த பழைய பணியின் பெயரில் இப்போது இயந்திரம் தூர் வாரியது.

சட்டத்தின் எல்லைகள்

இயந்திரத்தின் வேகம் தீங்கையும் விரைவுபடுத்தியது. 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டமும் தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டு சிறு கனிம விதிகளும் அனுமதியின்றி மண் எடுப்பதைக் குற்றமாக்குகின்றன. அதில் சிக்கும் வண்டி பறிமுதலாகும். மண் யாருடையது, அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்காமல் இரவு வேலைக்கு வண்டியை அனுப்பிய உரிமையாளர்கள் தவணையும் கட்டி, நீதிமன்றத்துக்கும் அலைந்திருக்கிறார்கள். செங்கல் சூளைகளுக்காகப் பனைகள் வேரோடு சாய்க்கப்பட்டதும் இந்த வண்டிகளால்தான். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு 2021இல் வந்தது.

மறுபுறம், 2005இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், ஆட்களின் வேலையைப் பறிக்கும் இயந்திரங்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் தன் பணிகளில் இடம் தரவில்லை. கையால் மண் வெட்டுவது ஒரு வாழ்வாதாரம் என்பதை ஏற்ற விதி அது. நூறு நாள் வேலையின் குளங்களில் வெட்டிய மண் மீண்டும் கன அளவில் அளக்கப்பட்டது.

வாடகையின் நெருக்கடி

டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கியது. 2021 அக்டோபரில் தமிழகத்தின் சில மாவட்டங்களில் டீசல் லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டியது. அதே ஆண்டு ஏப்ரலில் புதிய மாசு விதிகள் நடைமுறைக்கு வந்து இயந்திரத்தின் விலையை உயர்த்தின. வாடகை மட்டும் அதே வேகத்தில் ஏறவில்லை. ஒவ்வொரு ஒன்றியத்திலும் வண்டிகள் பெருகி, போட்டியில் ஒருவரையொருவர் குறைத்துப் பேசியதே காரணம். பல மாவட்டங்களில் உரிமையாளர் சங்கங்கள் வண்டிகளை நிறுத்தி வேலைநிறுத்தம் செய்து, பொது வாடகையை அறிவித்தன. முன்பணத்துக்காகக் கூலியைக் குறைத்துக்கொண்ட பழைய குழுத் தலைவரும், தவணைக்காக வாடகையைக் குறைக்கும் இன்றைய உரிமையாளரும் ஒரே நெருக்கடியின் இரு காலங்கள்.

ஆயிரம் ஆண்டுகளில் இந்தத் தொழிலின் கருவிகள் முழுவதும் மாறிவிட்டன. தூர் வாருவதற்கென வருவாய் ஒதுக்கிய ஊர்கள் ஏரியைக் காத்தன. திட்டு விட்டு அளந்த குழுக்கள் கூலியைக் காத்தன. முன்பணத்தின் கணக்கைத் தவறவிட்டவர்கள் கடனில் வீழ்ந்தார்கள். இன்று ஓர் இயந்திரம் வாங்க எண்ணுபவர் மழை மாதங்களின் தவணைக்கு வழி வைத்திருக்க வேண்டும், மணிக்கணக்கை எழுத்தில் வைக்க வேண்டும், எடுக்கும் மண்ணின் உரிமையைக் கேட்டறிய வேண்டும். இம்மூன்றையும் செய்தவர்களுக்கே இந்தத் துணைத்தொழில் நிலையான வருவாயைத் தந்திருக்கிறது.